“எங்க நாய் ஒண்ணும் பண்ணாது சார்”: குழு வகுப்பில் மறுக்கும் உரிமையாளரைக் கையாளும் முறை

நாய்களுக்குக் குழு வகுப்பு நடத்துகிறவர்கள் எல்லோரும் கேட்டுப் பழகிய வாக்கியம் இது. பத்தடி தள்ளி நிற்கும் லேப் குட்டியைப் பார்த்து ஒரு நாய் விறைத்து நிற்கும். வாய் இறுக மூடியிருக்கும், கண் சிமிட்டாது, தொண்டைக்குள் உறுமல் கிளம்பியிருக்கும். செயினைப் பிடித்திருப்பவரோ சிரித்துக்கொண்டே, “விளையாடக் கூப்பிடுறான் சார்” என்பார்.

பெரும்பாலும் அவர் பொய் சொல்வதில்லை. வீட்டில் மடியில் தலை வைத்துத் தூங்கும் நாயைத்தான் அவருக்குத் தெரியும். அதோடு, ஒப்புக்கொண்டால் அபார்ட்மென்ட் சங்கத்துக்குச் செய்தி போகும், “கொண்டுபோய் விட்டுடு” என்று வீட்டுப் பெரியவர்கள் ஆரம்பிப்பார்கள், கட்டிய ஃபீஸும் போகும். இத்தனை பயத்தோடு நிற்பவரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது, ஜெயிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர் ஒப்புக்கொண்டாலும் மறுத்தாலும் வகுப்பில் யாருக்கும் கடி விழாதபடி ஏற்பாடு இருக்க வேண்டும். அதுதான் முதல் வேலை, பேச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சேர்க்கை படிவத்தில் கேட்க வேண்டியவை

“உங்கள் நாய் ஆக்ரோஷமானதா? ஆம் / இல்லை” என்று கேட்கும் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம். எல்லோரும் ‘இல்லை’யில்தான் டிக் அடிப்பார்கள். நாயின் குணத்தைக் கேட்டால் உரிமையாளர் அதற்கு வக்கீலாகிவிடுவார். அன்றாடம் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டால் உள்ளதைச் சொல்வார். எங்கள் அனுபவத்தில் வேலை செய்யும் கேள்விகள் இவை:

தண்ணி கேன் போடுபவர், டெலிவரி பையன் வரும்போது நாய் எங்கே இருக்கும்?
நாய் சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் யார் யார் போகலாம்? யார் போகக் கூடாது?
நகம் வெட்டுவது யார்? டாக்டர் ஊசி போடும்போது வாயைக் கட்ட வேண்டியிருக்கிறதா?
இதுவரை யார் உடம்பிலாவது, உடையிலாவது நாயின் பல் பட்டிருக்கிறதா? லேசாகப் பட்டதையும் சேர்த்து எழுதவும்.
முன்பு அடிக்கடி வந்து, இப்போது வீட்டுக்கு வராமல் நின்றுவிட்டவர் யாராவது உண்டா?
வாக்கிங் எத்தனை மணிக்கு?

கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தெரியும். ஆனால் காலை நாலரைக்கும் ராத்திரி பதினொன்றுக்கும் மட்டுமே நாயை வெளியே கூட்டிப்போகிறவர், தெருவில் எதையோ தவிர்க்கிறார் என்றுதான் அர்த்தம். “ஏன் அந்த நேரம்?” என்று கேளுங்கள். “அப்போதான் மத்த நாய்ங்க இருக்காது” என்ற பதிலோடு பாதிக் கதை வந்துவிடும். “யாராவது வந்தா ரூம்ல போட்டுப் பூட்டிடுவோம், மத்தபடி ரொம்ப சாது” என்பதும் அதே வகைதான். அந்த வீடு ஏற்கெனவே கடியைத் தடுத்துக்கொண்டுதான் வாழ்கிறது, அதற்குப் பெயர்தான் வைக்கவில்லை.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். ஃபீஸ் கட்டுபவர், வகுப்புக்கு வருபவர், சோறு வைப்பவர், வாக்கிங் கூட்டிப்போகிறவர் என நான்கு பேர் இருக்கும் வீடுகள் உண்டு. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் வாட்ச்மேனுக்கும் தெரிந்த விஷயம் நாயின் ‘அப்பா’வுக்குத் தெரிந்திருக்காது. முதல் சந்திப்புக்குத் தினமும் நாயை வெளியே கூட்டிப்போகிறவரையும் வரச் சொல்லுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பேச விடுங்கள். “அங்கிள், அவன் சோஃபாக்கு அடியில இருந்தா கிட்ட போகக் கூடாதுன்னு பாட்டி சொல்லிருக்காங்க” என்று ஒரு குழந்தை சொல்லிவிட்டால் படிவமே வேண்டாம்.

ரேபிஸ் தடுப்பூசிச் சான்று இல்லாமல் எந்த நாயையும் மைதானத்துக்குள் விடாதீர்கள். முதல் ஊசி மூன்று மாதத்தில், அதன்பின் ஆண்டுதோறும் என்பது இங்குள்ள வழக்கம். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் என்றால் வளர்ப்பு உரிமத்தின் நகலையும் வாங்கி வையுங்கள்.

மைதான ஏற்பாடு

ஒரு பயிற்சியாளருக்கு ஆறு நாய்க்கு மேல் வேண்டாம். உதவியாளர் இல்லை என்றால் நான்கு போதும். நாய்க்கு நாய் குறைந்தது நாலு, ஐந்து மீட்டர் இடைவெளி விட்டுத் தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டுவிடுங்கள். வட்டங்களுக்கு இடையே மறைப்பு வேண்டும். இரண்டு கம்புக்கு இடையே கட்டிய தார்ப்பாயோ பழைய ஃப்ளெக்ஸ் பேனரோ போதும். ஒரு நாயை இன்னொன்று வெறித்துப் பார்க்கும் வழியை அடைத்தாலே பாதிச் சண்டை வராது.

லீஷ் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர், சாதாரணப் பட்டை லீஷ். இழுத்தால் நீளும் ரீல் வகை உள்ளே வரவே கூடாது. பட்டனை அழுத்த மறந்த ஒரு விநாடியில் நாய் ஐந்து மீட்டர் போய்விடும், அந்தக் கயிறு கையைக் கிழிக்கவும் செய்யும். முள் காலர், சோக் செயின், ஷாக் காலர் எதுவும் வேண்டாம். இன்னொரு நாயைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்தில் வலி வந்தால், அந்த நாயைப் பார்த்தாலே வலி வரும் என்றுதான் இது கற்றுக்கொள்ளும்.

அதிகம் சறுக்குவது கேட்டில்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து, வண்டியை நிறுத்தி, வாசலில் நின்று பேசும் அந்தப் பத்து நிமிடத்தில் வகுப்பு தொடங்கும் முன்பே மோதல் தொடங்கிவிடும். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிட இடைவெளியில் நேரம் கொடுங்கள். சந்தேகமுள்ள நாய் கடைசியாக வந்து முதலில் போகட்டும், கேட்டுக்குப் பக்கத்து வட்டம் அதற்கு. “ஹலோ சொல்லிக்கட்டும்” என்று லீஷில் கட்டிய நாய்களை மூக்கோடு மூக்கு விடுவதற்கு முழுத் தடை. இது எல்லோருக்குமான விதியாக இருந்தால் ஒருவருடைய நாயைச் சுட்டிக்காட்டி அவமானப்படுத்த வேண்டியதே இல்லை.

கைக்கு எட்டும் தூரத்தில் இரண்டு வாளித் தண்ணீர், ஒரு தடித்த போர்வை, மூன்றுக்கு இரண்டடி ப்ளைவுட் பலகை, ஒரு உபரி லீஷ் இருக்கட்டும். சண்டை மூண்டால் காலரைப் பிடிக்கக் கையை நீட்டுவதுதான் உரிமையாளரின் முதல் அனிச்சை, கடி வாங்குவதும் அந்தக் கைதான். முகத்தில் தண்ணீர், பிறகு நடுவே பலகை என்ற வரிசையை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். ஒரு நாய் கவ்விப் பிடித்திருக்கும்போது இரண்டையும் எதிரெதிராக இழுத்தால் சதை கிழியும். பிடி விட்ட பிறகே பிரிக்க வேண்டும்.

கடிக்கு முன்னால் நாய் சொல்வது

“திடீர்னு கடிச்சிட்டான்” என்பார்கள். திடீரென்று வருவது அரிது. பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் இதை ஏணியாக வரைந்து காட்டினார். கொட்டாவி, கண் சிமிட்டல், மூக்கை நக்குதல் அடிப்படி. அதற்கு மேல் தலையைத் திருப்புதல், உடம்பையே திருப்புதல், விலகி நடத்தல், காதைப் பின்னுக்கு மடக்கிக் குனிதல், வாலை ஒடுக்குதல். பிறகு விறைப்பு, வெறித்த பார்வை, உறுமல், காற்றில் கவ்வுதல், கடி. கீழ்ப்படியில் சொன்னதை யாரும் கேட்காவிட்டால் நாய் மேலே ஏறும். கேட்காமலேயே பலமுறை போனால் கீழ்ப்படிகளை விட்டுவிட்டு நேராக மேலே போகக் கற்றுக்கொள்ளும். உறுமியதற்கு அடி வாங்கிய நாய்கள்தான் ‘திடீர்’ கடிக்காரர்கள் ஆகின்றன. உறுமலை அடக்குகிற பயிற்சியாளர் ஆபத்தைக் குறைப்பதில்லை, எச்சரிக்கை மணியைத்தான் கழற்றுகிறார்.

மறுப்புகளும் அவற்றுக்கான சோதனையும்

“விளையாடுறான்” என்பதற்கு எளிய சோதனை உண்டு. துரத்துகிற நாயை மெல்லப் பிடித்து நிறுத்துங்கள். துரத்தப்பட்டது தானாகத் திரும்பி வந்தால் விளையாட்டு. ஓடி ஒளிந்தாலோ உரிமையாளரின் காலுக்குப் பின்னால் போனாலோ அது விளையாட்டில்லை. விளையாட்டில் உடம்பு வளையும், வாய் தளர்ந்து திறந்திருக்கும், துரத்துவதும் ஓடுவதும் மாறி மாறி நடக்கும், நடுவே நின்று மூச்சு வாங்கும். (இந்தச் சோதனை, பயமில்லாத, ஏற்கெனவே அறிமுகமான இரண்டு நாய்களுக்கு மட்டும். சந்தேகமான நாயை லீஷிலிருந்து அவிழ்த்துச் சோதிக்காதீர்கள்.)

“வாலை ஆட்டுறானே” என்றால் எப்படி ஆட்டுகிறது என்று பாருங்கள். இடுப்போடு சேர்ந்து அகலமாக ஆடும் வால் ஒன்று. கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்து நுனி மட்டும் வேகமாகத் துடிக்கும் வால் வேறு. இரண்டாவதை நட்பு என்று எடுத்துக்கொண்டு கையை நீட்டுகிறவர்கள் ஏராளம்.

“ரெஸ்க்யூ நாய், பாவம், முன்னாடி அடி வாங்கியிருக்கு.” உண்மையாக இருக்கலாம். மூன்று முதல் பதினான்கு வாரத்துக்குள் மனிதர்களோடும் மற்ற நாய்களோடும் பழகாமல் போனதும் காரணமாக இருக்கலாம். எதுவானாலும் அனுதாபத்தோடு கேட்டுவிட்டு, “சரி, இப்போ எத்தனை அடி தூரத்துல அது பதற்றமில்லாம சாப்பிடும்னு பார்ப்போம்” என்று இன்றைய கணக்குக்கு வந்துவிடுங்கள்.

“காவலுக்குத்தானே வளர்க்கிறோம்.” ராஜபாளையம், கோம்பை வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்பது, கொஞ்சம் பெருமையோடு வரும். அந்நியரைக் கண்டு ஒதுங்குவதும் குரைப்பதும் அந்த இனங்களின் இயல்புதான். ஆனால் கேட்டுக்கு உள்ளே குரைப்பது காவல், பொதுப் பூங்காவில் நாலு வயதுக் குழந்தையைப் பார்த்துப் பாய்வது எதைக் காப்பதற்கு? பொமரேனியன், ஷிட்ஸு விஷயத்தில் கதை தலைகீழ். அதன் கோபத்தை வீடே வீடியோ எடுத்துச் சிரிக்கும். ஒரு ராட்வைலர் செய்தால் தெருவே கூடும் காரியத்தை அது தினமும் செய்துகொண்டிருக்கும்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறியதற்குப் பிறகு, பெரிய நாய் வைத்திருப்பவர்கள் இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொண்டார்கள். எதைச் சொன்னாலும் நாயைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம். வகுப்பில் உண்மையைச் சொன்னால் அது யாருக்கும் போகாது என்ற உறுதியை, கடி விழுந்தால் மட்டும் அதில் விலக்கு உண்டு என்பதையும் சேர்த்து, எழுத்தில் கொடுங்கள்.

வீடியோவைப் போட்டுப் பேசுவது

வகுப்பு நேரம் முழுவதும் ஒரு ஃபோனை ஸ்டாண்டில் வைத்துப் பதிவு செய்யுங்கள், இதற்கான சம்மதமும் படிவத்தில் இருக்கட்டும். பாய்ச்சலைக் காட்டாதீர்கள், அதற்கு முந்தைய இருபது விநாடியைக் காட்டுங்கள். ஒலியை அணைத்துவிட்டு, பாதி வேகத்தில். ஒலி இருந்தால் அவர் தன் குரலையும் எதிர் நாயின் குரைப்பையும் கேட்டு, “அதுதான் முதல்ல ஆரம்பிச்சுது” என்பார். ஒலி இல்லாதபோது உடம்பு மட்டும் தெரியும்.

நீங்கள் விளக்க வேண்டாம், கேளுங்கள். “இங்க வாய் எப்படி இருக்கு? இங்க?” திறந்திருந்த வாய் மூடிய கணத்தை அவரே கண்டுபிடிப்பார். வீட்டில் நாய் அதே மாதிரி வாயை மூடுவது எப்போது என்று அடுத்துக் கேளுங்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் பதில் வரும்.

மற்றவர்கள் முன்னால் இதைச் செய்யாதீர்கள். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, முடிந்தால் வீட்டில் முடிவெடுப்பவரையும் வைத்துக்கொண்டு பதினைந்து நிமிடம். அதுவரை நாய் வேறொருவர் கையில் நிழலில் இருக்கட்டும், பூட்டிய காரில் வேண்டாம்.

பேச்சை நாயின் கஷ்டத்தில் ஆரம்பிப்பது பலன் தரும். “மேடம், இன்னிக்கு ஒரு மணி நேரமும் அவன் பதற்றமாவே இருந்தான். மூணு தடவை பாய்ஞ்சான், ட்ரீட் கொடுத்தப்போ உங்க விரலோட சேர்த்துக் கவ்வினான். இந்த இடம் அவனுக்கு ரொம்ப அதிகம்.” இதில் மறுக்க எதுவும் இல்லை, நடந்தது மட்டும்தான். “உங்க நாய் டேஞ்சர்” என்று ஆரம்பித்தால் அத்தோடு பேச்சு முடிந்தது. அதற்காகப் பூசி மெழுகவும் கூடாது. “கொஞ்சம் கூச்ச சுபாவம்” என்று நீங்கள் சொன்னதை அவர் வீட்டில் போய் நற்சான்றிதழாகச் சொல்வார்.

கடி ஏற்கெனவே நடந்திருந்தால் அளவுகோலை வையுங்கள். கால்நடை மருத்துவரும் பயிற்சியாளருமான இயான் டன்பார் வகுத்த ஆறு நிலைகள் பரவலாகப் பயன்படுகின்றன. பல் தோலில் படாமல் பாய்ந்தது ஒன்று. பட்டும் குத்தாதது இரண்டு. ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு துளை, கோரைப்பல்லின் பாதி நீளத்துக்குள் ஆழம் என்றால் மூன்று. பாதிக்கு மேல் ஆழம், கவ்விப் பிடித்து உதறிய தடம் என்றால் நான்கு. அப்படிப் பல கடிகள் ஐந்து, மரணம் ஆறு. முதல் இரண்டு நிலைகளில் பயிற்சிக்கு நல்ல வாய்ப்பு உண்டு. மூன்றாம் நிலையில் கடித்த நாயைக் குழுவிலிருந்து எடுத்துத் தனி வகுப்புக்கு மாற்ற வேண்டும். நான்கு முதல் மேலே எந்தக் குழு வகுப்பும் ஏற்கக் கூடாது, நடத்தைச் சிக்கல்களில் அனுபவமுள்ள கால்நடை மருத்துவரிடம் அனுப்பிவிட வேண்டும். 21 நாள் தன்னிடம் விட்டால் சாதுவாக்கித் தருகிறேன் என்பவரிடம் அனுப்பாதீர்கள்.

குணம் திடீரென்று மாறிய நாய் எந்த நிலையில் இருந்தாலும் முதலில் மருத்துவர்தான். காதுப் புண், இடுப்பு மூட்டு வலி, பல் வலி, உண்ணிக் காய்ச்சல் என்று தொட்டால் வலிக்கும் நாய் கடிக்கத்தான் செய்யும். மறுக்கும் உரிமையாளருக்கு இது கௌரவமான வாசலும்கூட. “டாக்டர்ட்ட ஒரு தடவை காட்டிடலாம்” என்பதற்கு யாரும் சண்டைக்கு வருவதில்லை.

தனி வகுப்பில் செய்வது

முதலில் எல்லைத் தூரத்தைக் கண்டுபிடியுங்கள். அமைதியான ஒரு நாயை உதவியாளர் முப்பது மீட்டரில் நிறுத்தட்டும். உங்கள் நாய் அதைப் பார்த்துவிட்டு, தானாகத் திரும்பி, மென்மையாக ட்ரீட் வாங்கினால் தூரம் சரி. வாங்க மறுத்தாலோ விரலைச் சேர்த்துக் கவ்வினாலோ இன்னும் பின்னால் போங்கள்.

பிறகு வரிசை மாறக் கூடாது. எதிர் நாய் தெரிகிறது, உடனே அவித்த ஈரல் துண்டு, பட்டாணி அளவில் ஒன்றன்பின் ஒன்றாக. எதிர் நாய் மறைகிறது, ஈரலும் நிற்கிறது. ஐந்து விநாடி காட்டி முப்பது விநாடி ஓய்வு, ஒரு சுற்றுக்கு எட்டுப் பத்து முறை, ஒரு நாளில் இரண்டு சுற்று. தொடர்ந்து மூன்று நாள் அமைதியாக இருந்தால் ஒரு மீட்டர் கிட்டே வரலாம். வழக்கமாகக் கெடுவது ஈரலை முன்கூட்டியே எடுப்பதில். பையில் கை போனதும் நாய் கையைப் பார்க்கும், எதிர் நாயை அது கவனிக்கவே இல்லை என்றால் எதையும் கற்கவும் இல்லை. மதிய வெயிலிலும் தீபாவளி வெடி வாரத்திலும் இதை நிறுத்தி வையுங்கள். பதற்றத்தின் மேல் பதற்றம் ஏறினால் நேற்றைய தூரம் இன்றைக்குப் போதாது.

நாய்க்கு மாட்டும் வாய்மூடி (மஸில்) கூடை வகையாக இருக்கட்டும். துணி வகை வாயை இறுக்கிக் கட்டிவிடும். நாய் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது, நம் ஊர் வெயிலில் அதைத் தடுப்பது உயிருக்கே ஆபத்து. கூடைக்குள் வாயை நன்றாகத் திறக்க முடிய வேண்டும், மூக்கு நுனிக்கு முன்னால் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும், கழுத்துப் பட்டைக்கடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். கூடையின் உள்ளே தயிர் தடவி, நாயே மூக்கை நுழைக்கும்படி நாலைந்து நாள் விடுங்கள், பட்டையைத் தொடாதீர்கள். பிறகு மூன்று விநாடி மாட்டல், பத்து, முப்பது, இரண்டு நிமிடம் என்று இரண்டு மூன்று வாரத்தில் பத்து நிமிடத்துக்கு வரலாம். முதல் நாளே மாட்டி லிஃப்டில் ஏற்றினால் கூடையைக் கண்டதும் ஓடும் நாய்தான் மிஞ்சும். “எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பாங்களே” என்று உரிமையாளர் தயங்கினால், வகுப்பில் சாதுவான நாய்களுக்கும் சேர்த்தே பழக்குங்கள், தயக்கம் போய்விடும்.

கடி விழுந்துவிட்டால்

காயத்தை ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், காபித் தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றே மருத்துவமனை. நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் ரேபிஸ் ஊசி இலவசம். தோல் கிழிந்த காயமென்றால் இம்யூனோகுளோபுலினும் (உடனடிப் பாதுகாப்பு தரும் எதிர்ப்புரத ஊசி) தேவைப்படும், அதை மருத்துவர் முடிவு செய்வார். நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வையுங்கள்.

நேரம், தூரம், கடிக்கு முந்தைய ஒரு நிமிடம், காயத்தின் படம், சாட்சிகள் எல்லாவற்றையும் அன்றே எழுதி உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். மறுநாள் அது ‘கீறல்’ ஆகிவிடும், ஒரு வாரத்தில் ‘அந்தப் பையன்தான் சீண்டினான்’ ஆகிவிடும். தன் விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி காக்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. மிரட்டலாக இல்லாமல் தகவலாக இதை முதல் நாள் படிவத்திலேயே அச்சிட்டு விடுங்கள்.

நிறுத்த வேண்டிய இடம்

எல்லாம் காட்டியும், “எங்க நாய் அப்படி இல்ல” என்றே நிற்பவர்கள் உண்டு. வாய்மூடியும் மாட்ட மாட்டார், தூரத்தையும் காக்க மாட்டார் என்றால் அவரை வகுப்பில் வைத்திருக்காதீர்கள். மீதி வகுப்புகளுக்கான ஃபீஸைத் திருப்பித் தருவோம் என்று படிவத்தில் முன்பே எழுதியிருந்தால் இந்தப் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடியும். பணத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் ஆசை வந்துவிட்டால், அந்த நாய் விஷயத்தில் மறுப்பவர் நீங்களாகிவிடுவீர்கள். “கதவு திறந்துதான் இருக்கு சார், இந்த மூணும் நடந்தா திரும்ப வாங்க” என்று தாளில் எழுதிக் கொடுங்கள்: மருத்துவப் பரிசோதனைச் சீட்டு, பத்து நிமிடம் அமைதியாக வாய்மூடி போட்டிருக்கும் வீடியோ, எட்டு மீட்டரில் இன்னொரு நாய் நிற்க, அதைப் பார்த்துவிட்டுத் தானாகத் திரும்பி மென்மையாக ட்ரீட் வாங்கும் வீடியோ. திரும்பி வரும் நாளில் கேட்டுக்குப் பக்கத்து வட்டம், மறைப்புக்குப் பின்னால், முதல் வாரம் இருபது நிமிடம் மட்டும்.